உரிமதாரர் இப்போது வீட்டில் இல்லை

ஆறு பத்துக்கு எழுவேன். கெட்டிலில் தண்ணீர் வைப்பேன். இரண்டு கோப்பை எடுப்பேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன். இரண்டு போன்களையும் சார்ஜரிலிருந்து கழற்றுவேன். என்னுடையது சட்டைப் பையில், என் மனைவி கெரன்சாவுடையது கோட்டுப் பையில். செவ்வாய் என்றால் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து, மூடிமேல் செங்கல் வைப்பேன். கடற்காகம் செங்கலைப் பார்க்கும். நான் கடற்காகத்தைப் பார்ப்பேன். பிறகு சரிவில் இறங்கி, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, பதினேழாம் எண் குடிலைத் திறப்பேன். மணலைக் கூட்டுவேன். பத்து நிமிடம் உட்காருவேன். பூட்டுவேன். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். எட்டரைக்குப் பள்ளி. புவியியல் நடத்துகிறேன்.

குடில் என்பது கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மரப்பெட்டி. ஆறடிக்கு ஏழடி. படுக்க முடியாது, சமைக்க முடியாது, தண்ணீர் கிடையாது. எங்கள் ஊர் போர்த்கேரோவில் அப்படி நாற்பது இருக்கின்றன. எல்லாம் கவுன்சிலுக்குச் சொந்தம். ஒரு குடிலுக்கு ஒரு பெயரில்தான் உரிமம். அந்த ஆள் இறந்தால் உரிமமும் முடிந்தது. கணவனுக்குப் போகாது, பிள்ளைக்குப் போகாது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இங்கே குழந்தை பிறந்தால் பிறப்பைப் பதியும் அதே வாரத்தில் குடில் பட்டியலிலும் பெயர் கொடுத்துவிடுவார்கள். கெரன்சாவின் அப்பா அப்படித்தான் கொடுத்தார். இருபத்தாறு வயதில் அவளுக்குக் குடில் கிடைத்தது. முப்பத்தொன்றில் இறந்துபோனாள். போன வருடம் மார்ச் பதினான்கு. மூளையில் ஒரு குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

உள்ளே ஒரு ஆணியில் அவளுடைய நீச்சலுடை தொங்குகிறது. அவள் தொங்கவிட்டது. உப்பேறி விறைத்து, ஆள் மாதிரியே நிற்கும். குடில் போனால் அந்த ஆணியும் போகும்.

இந்த வருடம் ஜனவரியில் புதுப்பிக்கும் படிவம் அவள் பெயருக்கு வந்தது. ஒரே கேள்வி: "உங்கள் நிலையில் ஏதேனும் மாற்றம் உண்டா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எதிலும் குறியிடவில்லை. அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன். காலியாக வந்தால் "மாற்றம் இல்லை" என்று எடுத்துக்கொள்வது கவுன்சிலின் வழக்கமாம். எனக்குத் தெரியாது.

எங்கள் ஊருக்கென்று முன்பு ஒரு கவுன்சில் இருந்தது. அதைப் பெரிய கவுன்சிலோடு சேர்த்துவிட்டார்கள். அலுவலகம் முப்பது மைல் உள்ளே போய்விட்டது. அங்கிருந்து கடல் தெரியாது. எங்களில் யார் உயிரோடிருக்கிறோம் என்பதும் தெரியாது.

ஏப்ரலில் நினைவு மண்டபத்துக்கு வெளியே, அறிவிப்புப் பலகையில், உரிமதாரர் பட்டியலை ஒட்டினார்கள். அந்தப் பலகையில் எதை ஒட்டினாலும் ஊரே நின்று படிக்கும். எண் 17, கெ. பென்ஹாலோ. அவள் இறுதிச் சடங்குக்கு வந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டென்சில் மட்டும் வந்தார். நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. குடில் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"டேய் ஜோரி. ஒம் பொண்டாட்டிக்கு உரிமம் புதுப்பிச்சுட்டாங்களாமே. வாழ்த்துக்கள்."

"நான் ஒண்ணும் எழுதல பெருசு. காலியா விட்டேன்."

"பத்தொம்பது வருசமாக் காத்துக்கிட்டிருக்கேன்டா. எனக்கு முன்னால நின்னவன் ஒவ்வொருத்தனாச் சாகச் சாகத்தான் நான் நகந்தேன். ஒருத்தன் சாவுக்குப் போனாலும், அழறதா சிரிக்கிறதான்னு தெரியாம நிப்பேன். இப்ப ஒருத்தி செத்தும் எடத்த விட மாட்டேங்குறா!"

"கவுன்சில்ல சொல்லிடுங்க. நம்பர் குடுக்கவா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நீச்சலுடையைப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப மாட்டினார்.

"செவ்வாய்க்கெழம எனக்கு" என்றார். "மத்ததெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும்."

ஒரு சாவி கொடுத்தேன். அடுத்த செவ்வாய் பள்ளி முடிந்து வந்து பார்த்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். தொடையில் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி. மழை தூறிக்கொண்டிருந்தது.

"உள்ள உக்காருங்களேன்."

"எப்படிடா? உள்ள உக்காந்தா வரிசைய மீறுனதாயிடும். எம் முற வரட்டும், அப்புறம் உக்காரறேன்."

மே மாதம் கெரன்சாவின் போன் அடித்தது. அதில் அழைப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆசிரியர் அறையில் எல்லோரும் என் கோட்டைப் பார்த்தார்கள். எடுத்தேன்.

"கெரன்சா பென்ஹாலோவா? நான் கவுன்சில்லேருந்து பிலிப்பா பேசறேன்."

"நான் அவ வீட்டுக்காரர்."

"அவங்க இருக்காங்களா?"

"இப்ப வீட்ல இல்ல."

"எப்ப வருவாங்க?"

"சொல்றதுக்கில்ல."

"ரொம்ப பிஸியோ?"

"முன்ன மாதிரி இல்ல."

உண்மையைச் சொல்லும் தைரியம் இல்லை. பொய் சொல்லும் சுறுசுறுப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிலிப்பா குரல் இளையது. வேலையில் புதியவள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னாள். நாற்பது குடில்களையும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, படுக்கை போட்டு, சுற்றுலாக்காரர்களுக்கு இரவு வாடகைக்கு விடலாமா என்று கவுன்சில் யோசிக்கிறது. பட்டியலும் ரத்தாகும். முடிவெடுப்பதற்கு முன் உரிமதாரர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். ஏழு பேர்தான் பதில் எழுதியிருந்தார்கள். ஏழு பேரும் "பிடிக்கவில்லை" என்று ஒற்றை வார்த்தை.

"உங்க மனைவி பொதுவா கவுன்சில் சேவைகளப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா? எதுவா இருந்தாலும் பரவால்ல, நான் எழுதிக்கறேன்."

சொல்லியிருந்தாள். கவுன்சிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும்.

"குப்பத் தொட்டியப் பத்திச் சொன்னா" என்றேன். "மூடி இல்லாத தொட்டி வச்சா கடக்காக்காவுக்குப் பந்தி. மூடி போட்ட தொட்டி வச்சா அதுக்கு வெளையாட்டு. எத வச்சாலும் வயிறு நெறையறது அதுக்குத்தான், வரி கட்டறது நாமன்னு."

மறுமுனையில் சிரிப்பு. தட்டும் சத்தம். "வேற?"

"கழிப்பறைய அக்டோபர்ல பூட்டிடறீங்கல்ல. அதுக்கு, 'நம்ம மூத்திரம் என்ன டூரிஸ்ட்டா, சீசன் முடிஞ்சதும் ஊரப் பாத்துப் போறதுக்கு?'ன்னு கேட்டா."

பிலிப்பாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. "இத அப்படியே போடலாமா? அவங்க ஒத்துப்பாங்களா?"

"வேண்டாம்னு சொல்ல மாட்டா."

போனை வைத்த பிறகு ஒன்று கவனித்தேன். இரண்டும் அவள் சொன்னவை. நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. அவள் பேச்சு எனக்குள் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நிறைய இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். ஆனால் வார்த்தை மாறாமல், அவள் குரலோடு நினைவிருந்தவை இன்னும் இரண்டுதான். ஒன்று ஜனவரியைப் பற்றியது. இன்னொன்று அவள் கடைசியாகச் சொன்னது. அது என்னவென்று அவள் அம்மா இறுதிச் சடங்கன்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஜூனில் கவுன்சிலின் அறிக்கை வந்தது. எண்பது பக்கம். பலகையில் ஒட்ட முடியாது என்பதால் ஒரு பிரதியை லவ்டே அக்காவின் பேக்கரியில் வைத்தார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் முப்பத்தொன்றாம் பக்கத்தையே திறந்தார்கள். வெண்ணெய்க் கறை பட்டு, புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. அங்கே தனியாக ஒரு கட்டம் போட்டு, பெரிய எழுத்தில், அவளுடைய மூத்திரம். கீழே: கெ. பென்ஹாலோ, உரிமதாரர்.

"இவ்ளோ பளிச்சுன்னு அவ உசுரோட இருந்தப்பகூட பேசலியே கண்ணு" என்றாள் லவ்டே அக்கா, எனக்கு ரொட்டியைச் சுற்றிக்கொண்டே.

"பேசினா. நீங்க வேற யார்ட்டயாவது பேசிட்டிருந்திருப்பீங்க."

"இருக்கும், இருக்கும்." பையில் ஒரு பன் கூடுதலாகப் போட்டாள். "இது அவளுக்கு."

அந்த வாரமே போன் மறுபடி அடித்தது. பிலிப்பாவின் குரலில் பண்டிகை. "குழுத் தலைவி அறிக்கையப் படிச்சுட்டாங்க. உங்க மனைவி நேர்ல வந்து பேசணும்னு சொல்றாங்க! கூட்டம் உங்க ஊர் மண்டபத்துலயேதான். மூணு நிமிஷம் பேசலாம்."

"அவளால வர முடியாது."

"அப்ப அவங்க சார்புல நீங்க வாங்க. விதியில இடமிருக்கு."

செவ்வாய்க்கிழமை டென்சிலிடம் சொன்னேன். அவர் பேஸ்டியின் ஓரத்தை ஒடித்துக் கடற்காகத்துக்குக் காட்டி, பிறகு தானே தின்றார்.

"இங்க பாரு. குடிலையெல்லாம் டூரிஸ்ட்டுக்குக் குடுத்துட்டா எம் பத்தொம்பது வருசமும் கடல்ல போட்ட கல்லு. அதனால ஒம் பொண்டாட்டி ஜெயிக்கணும். கூட்டம் முடியற வரைக்கும் அவ உசுரோட இருக்கட்டும்."

"அப்புறம்?"

"மறுநா சாகட்டும். நானே வந்து மாலை வைக்கறேன்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. தலையாட்டினேன்.

ஜூலை மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி. மண்டபத்தில் நிற்க இடமில்லை. கவுன்சில் கூட்டத்துக்கு எங்கள் ஊரில் வழக்கமாக நான்கு பேர் வருவார்கள். அதில் இருவர் மழைக்கு ஒதுங்குபவர்கள். அன்று லவ்டே அக்கா பேக்கரியைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் பதினொரு உறுப்பினர்கள். நடுவில் தலைவி, திருமதி பிக்ஃபோர்ட். ஓரத்தில் ஒரு மேசையில் சிவப்புக் கண்ணாடி போட்ட பெண், எதிரே கட்டுக்கட்டாகப் படிவங்கள். குரல் கேட்காமலே பிலிப்பா என்று தெரிந்தது.

நிறுவனத்தின் ஆள் முதலில் பேசினார். திரையில் படங்கள் காட்டினார். படத்தில் குடில்களுக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. "எந்த ஊருப்பா இது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அடுத்து டென்சில். திருமணத்துக்கு வாங்கிய கோட்டு போட்டிருந்தார்.

"நான் நாப்பது வருசம் பஸ் ஓட்டுனேன். ஸ்டாப்ல ஆள் நின்னா வண்டிய நிறுத்தணும். அவ்ளோதான் வேல. நான் ஒரு ஸ்டாப்ல பத்தொம்பது வருசமா நிக்கறேன். இப்ப வண்டி வருது. ஏறப் போறப்ப, 'இது டூரிஸ்ட் வண்டி, நீங்க எறங்குங்க'ங்கறீங்க. நான் இன்னும் ஏறவே இல்லியேம்மா!"

கைதட்டல். தலைவி மணியடித்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"திருமதி கெரன்சா பென்ஹாலோ."

முந்நூறு பேர் ஒரே சமயத்தில் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

"வந்திருக்காங்களா?"

"அவளால வர முடியல கண்ணு" என்றாள் லவ்டே அக்கா, ஊசியை நிறுத்தாமல்.

"ஐயோ, உடம்பு சரியில்லையா?"

"போன வருசம் மார்ச்சோட சரி."

"ரொம்ப நாளாச்சே! இப்ப எப்படி இருக்காங்க?"

"வலி எதுவும் இல்ல" என்றார் டென்சில்.

"அதக் கேக்கவே நிம்மதியா இருக்கு" என்றார் தலைவி. பின்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

நான் எழுந்தேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

"அவ சொன்னத மட்டும் சொல்றேன். ஒரு ஜனவரி ராத்திரி, நாங்க மேட்டு மேலேருந்து ஊரப் பாத்துட்டு நின்னோம். அப்ப சொன்னா. 'இந்த ஊர்ல ஜனவரியில வெளக்கு எரியிற வீட்ட எண்ண ஒரு கை போதும் ஜோரி. மத்த வீடெல்லாம் லண்டன்காரன் சாவிப் பையில தூங்குது. நமக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஆறடிப் பொட்டிதான். அதுல வெளக்குகூட இல்ல. அதனாலதான் இன்னும் யாரு கண்ணுலயும் படல.'"

உட்கார்ந்தேன். லவ்டே அக்காவின் ஊசி நின்றிருந்தது.

வாக்கெடுப்பு. ஐந்து கைகள் ஆதரவாக. ஆறு கைகள் எதிராக. தலைவியின் கை கடைசியாக உயர்ந்தது, எதிராக. குடில்கள் அப்படியே இருக்கும், பட்டியலும் இருக்கும். மண்டபம் தேநீருக்காக வரிசையில் நின்றது. ஜெயித்த கூட்டம் என்பதற்காக யாரும் இடித்துக்கொண்டு போகவில்லை.

பிலிப்பா இரண்டு கோப்பையோடு என்னிடம் வந்தாள்.

"மிஸ்டர் பென்ஹாலோ, ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு எனக்குதான், ஆனா அவங்க வந்திருந்தா அவங்களுக்குக் குடுத்திருப்பேன். அந்தக் கழிப்பறை வாசகத்த என் மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். ஒரு நாள் பாக்கணும் அவங்கள. அடுத்த வாரம் போன் பண்ணட்டுமா? குளிர்காலத்துலயும் கழிப்பறையத் திறந்து வைக்கலாமான்னு ஒரு கருத்துக்கேட்பு வருது. அவங்கதான் முதல்ல ஞாபகத்துக்கு வந்தாங்க."

அடுத்த வாரம் போன் அடிக்கும். நான் எடுப்பேன். அவள் என்ன சொன்னாள் என்று பிலிப்பா கேட்பாள். சொல்ல என்னிடம் மீதமிருந்தது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு நானாகத்தான் ஏதாவது கட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் நன்றாகவே சொல்வேன், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் நானும் கண்டுபிடிக்க மாட்டேன்.

"உரிமத்த முடிக்கிற படிவம் இருக்கா?" என்றேன்.

"எங்கிட்ட எல்லாப் படிவமும் இருக்கு" என்றாள் பெருமையாக. எடுத்துவந்தாள். பிறகுதான் நான் கேட்டது அவளுக்கு உறைத்தது. "ஏன், ஊர மாத்தறீங்களா?"

பின்னாலிருந்து என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். டென்சில்.

"டேய். இன்னிக்கே எதுக்குடா?" என்று காதருகே சீறினார். "மறுநான்னுதானே பேசுனோம். வேணும்னா செப்டம்பர் வரைக்கும் இருக்கட்டுமே. எனக்கென்ன அவசரம்?"

"மழைல படில உக்காந்திருக்கீங்க பெருசு."

"பத்தொம்பது வருசம் உக்காந்தவனுக்கு ஒரு மழ பெருசா?"

கையை விடுவித்துக்கொண்டேன். இதிலும் மாற்றம் உண்டா என்ற அதே கேள்வி; ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று எழுதினேன். தேதி எழுதினேன். பிலிப்பா தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள். மார்ச், பிறகு வருடம். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"அப்ப அவங்க சொன்னதெல்லாம்?"

"சொன்னதுதான். எப்பன்னு நீங்க கேக்கல."

"எல்லாமேவா?"

"நான் எதையும் சேக்கல."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை. தேநீர் வரிசை மொத்தமும் எங்களைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓட்டு?" என்றார் டென்சில், கவலையாக.

"அது உறுப்பினர்கள் போட்ட ஓட்டு. செல்லும்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பதினேழு பட்டியல்ல முதல் ஆளுக்குப் போயிடும். அது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"அந்தாளுதான் இது."

டென்சில் தொப்பியைக் கழற்றி மாரோடு பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"செவ்வாய்க்கெழம உனக்கு. உள்ளயே உக்காந்துக்கடா. அந்த ஆணி எனக்கு வேண்டாம், அது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. உரிமதாரரின் கருத்து. சின்னக் கட்டம், இரண்டு வரிதான் கொள்ளும்.

"இத காலியா விட்டுடலாம்" என்றாள் பிலிப்பா, மெதுவாக. "யாரும் கேக்க மாட்டாங்க."

"காலியா விட்டா மாற்றம் இல்லன்னு எடுத்துக்குவீங்க."

அந்த மார்ச் பதினான்கு அன்றைக்கும் காலை பத்து மணிதான். கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் காரை நிறுத்தியிருந்தோம். நிறுத்தக் கட்டண டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் வரிசை, அவளுக்கு முன்னால் நான்கு பேர். குடில் சாவியை என் பக்கம் எறிந்தாள். நான் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது மேலே யாரோ கத்துவது கேட்டது.

பேனாவை எடுத்தேன். எழுத்து சிறியதாக, கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதினேன்.

"நீ போய்க் கதவத் தொறந்து வை. நான் டிக்கெட் எடுத்துட்டு வந்துர்றேன்."